காலி வீட்டுக்கு எண்ணெய்

எண்ணெய் லாரிக்காரன் வின்ஸ் முதலில் பணத்தை வாங்கி உள்பையில் வைத்துக்கொள்வான். பிறகுதான் லாரியின் பின்னால் சுருண்டு கிடக்கும் குழாயை அவிழ்ப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கம்பெனி உத்தரவு அப்படி. புது வாடிக்கைக்குக் கடன் கிடையாது, செக்கும் கிடையாது. ரொக்கம் கைக்கு வந்தால்தான் ஒரு சொட்டாவது இறங்கும். ஸ்வர்ணா கையுறையைக் கழற்றி, கோட்டுப் பைக்குள்ளிருந்து கவரை எடுத்து, நோட்டுகளைப் பிரித்துக் கொடுப்பாள். அந்தக் கவரின் மேல் அவள் கையெழுத்தில் ‘பிரசவம்’ என்று எழுதியிருந்தது. வின்ஸுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

வீடு அவர்களுடையதுதான். அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியின் பார்சிப்பனி ஊரில், ஏரிப் பக்கம் இறங்கும் தெருவில், மாடியோடு கூடிய சின்ன வெள்ளை வீடு. 1981 டிசம்பரில், வட்டி வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, நண்பர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டும் கேளாமல் அவள் கணவன் பத்மநாபன் வாங்கினான். ஆனால் அந்த வீட்டில் யாரும் குடியில்லை. ஒரு பாய் இல்லை, ஒரு டம்ளர் இல்லை. அடுப்பு மூட்டவில்லை, விளக்கு ஏற்றவில்லை. கீழே பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் மட்டும் இரவும் பகலும் எண்ணெயைக் குடித்துக்கொண்டு, இல்லாத மனுஷர்களுக்காகக் காலி அறைகளைச் சூடாக வைத்திருந்தது. விட்டுவிட முடியுமா? சூடு நின்றால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும் என்று வீடு வாங்கித் தந்த ஏஜென்ட் அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஏன் குடிபோகவில்லை என்றால், மார்கழி. கார்த்திகை முடிவதற்குள் பத்திரம் கைக்கு வந்துவிடும் என்றுதான் நாள் பார்த்தார்கள். விற்கிறவளின் வக்கீல் இழுத்தடித்து இழுத்தடித்து, கையெழுத்துப் போடும்போது மார்கழி பிறந்து இரண்டு நாள். மாயவரத்திலிருந்து ஸ்வர்ணாவின் அப்பா ஏர்மெயிலில் தை மாதத்து நல்ல நாளைக் குறித்து அனுப்பினார். அதுவரை யாரும் வாசற்படி தாண்டக்கூடாது.

ஸ்வர்ணாவைப் பட்டிக்காட்டுப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கில் பி.எஸ்ஸி., திருச்சியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவள். ராகுகாலத்தில் கிளம்பினால் பஸ்ஸில் கூட்டம் இருக்காது என்று கிண்டல் பண்ணியவள். கல்யாணமாகி அமெரிக்கா வந்து, சாமான்களைத் தூக்கிக்கொண்டு அபார்ட்மென்ட்டில் நுழைந்தபோது ஆடி மாதம் என்று மாமியார் எழுதியதற்கு, நியூ ஜெர்ஸியில் ஆடி கிடையாது என்று பதில் போட்டவள். அந்த வருஷம் முதல் கரு கலைந்தது. அடுத்த வருஷம் இரண்டாவது, ஐந்து மாதத்தில். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வயிற்றோடு போய் வெறுமனே திரும்பியவளை எதற்கு இப்படிப் பஞ்சாங்கம் பார்க்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இப்போது மூன்றாவது. வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை எந்தத் தெய்வத்தோடும் எந்த மாதத்தோடும் அவள் வம்பு வைத்துக்கொள்வதாக இல்லை.

பத்மநாபன் அவளைவிட மோசம். வெளியே சொல்லமாட்டான், ஆனால் பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போவான்.

கையெழுத்துப் போட்ட அடுத்த வாரம், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பத்மநாபனுக்கு வேலை போயிற்று. அணு மின் நிலையங்களுக்கு வரைபடம் போடும் கம்பெனி. கட்டுவதை நிறுத்தினார்கள், வரைகிறவர்களையும் நிறுத்தினார்கள். வேலையோடு இன்ஷூரன்ஸும் போயிற்று. பிரசவத்துக்குக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரியில் பாதியை முன்கூட்டியே கேட்டார்கள். ஹூஸ்டனில் தற்காலிக வேலை ஒன்று கிடைத்து, வருஷம் பிறப்பதற்குள் ஒரு பெட்டியோடு அவன் டெக்ஸாஸ் போய்விட்டான். அங்கே முதல் சம்பளம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இங்கே இருந்த சேமிப்பெல்லாம் வீட்டு முன்பணத்தில் போய், மிச்சம் அந்த ஒரு கவர்தான். ஸ்வர்ணா ஒரு டாக்டர் தம்பதியின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டு சம்பாதித்தது அபார்ட்மென்ட் வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் சரியாக இருந்தது.

அபார்ட்மென்ட்டில் சூட்டுக்குக் காசு இல்லை. வாடகையிலேயே அடக்கம். கட்டடம் முழுவதற்கும் ஒரே பாய்லர். அதைக் கூட்டவும் குறைக்கவும் குடியிருப்பவர்களுக்கு வழியில்லை. வெளியே பனி கொட்டும், உள்ளே பத்மநாபன் பனியனோடு வியர்க்க உட்கார்ந்திருப்பான். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் மூன்று குளிர்காலமாகச் செய்தார்கள்: படுக்கையறை ஜன்னலை நாலு விரல் கடை தூக்கி வைத்துவிடுவார்கள். மூச்சு முட்டாமல் தூங்கலாம். காசில்லாத சூடு, போனால் போகிறது.

காசுள்ள சூடு என்றால் என்ன என்பதை அந்தக் காலி வீடுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. எண்ணெய் ஊற்றும் வாய் வீட்டின் பக்கச் சுவரில் வெளியே இருந்ததால் உள்ளே போக அவசியமில்லை. வின்ஸ் குழாயை மாட்டித் திறந்ததும் பக்கத்துக் குழாயிலிருந்து காற்று வெளியேறி விசிலடிக்கும். தொட்டி நிறைந்தால் விசில் நிற்கும். ஸ்வர்ணா வாங்கிய அளவுக்கு ஒரு தடவைகூட அது தானாக நின்றதில்லை. மீட்டரைப் பார்த்து வின்ஸ் நிறுத்துவான்.

மூன்றாவது தடவை வந்தபோது அவன் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டை ஏற இறங்கப் பார்த்தான். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில்கூட இவ்வளவு செலவாகாது, உள்ளே போய் என்ன ஏது என்று பாருங்கள் அம்மா, இல்லையென்றால் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய்களை வடித்துவிட்டு ஃபர்னஸை அணைத்துவிடுங்கள் என்றான். அதற்கும் யாராவது உள்ளே போக வேண்டுமே. அடுத்த வாரம் பார்க்கிறோம் என்று ஸ்வர்ணா ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். அடுத்த வாரம் என்றுதான் அவள் எல்லா வாரமும் சொன்னாள்.

அவளைக் காரில் அழைத்துக்கொண்டு வந்தவள் எதிர் அபார்ட்மென்ட் ஜெபராணி. பாளையங்கோட்டைக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஸ்வர்ணாவுக்கு டிரைவ் பண்ணத் தெரியாது.

“அக்கா, நா வேணா உள்ள போயி ஒரு எட்டு பாத்துட்டு வாரேன். எங்களுக்குத்தான் மார்கழியெல்லாம் கெடையாதே. சாவியக் குடுங்க” என்றாள் ஜெபராணி.

“வேண்டாம் ஜெபா. வெளக்கேத்தறதுக்கு முன்னாடி யாரும் போகவேண்டாம்.”

“யாருமின்னா நானுமா?”

ஸ்வர்ணா சாவியைக் கோட்டுப் பைக்குள் தள்ளினாள். ஜெபராணி முகம் சுருங்கியதைப் பார்த்தாள். உன் கால் படக்கூடாது என்று சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தும் வாயைத் திறந்து விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. திரும்பும் வழியெல்லாம் கார் ஹீட்டரின் சத்தம்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்மநாபன் ஹூஸ்டனிலிருந்து கூப்பிடுவான். லாங் டிஸ்டன்ஸ், அளந்து அளந்து பேச வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தையும் அவள் சண்டைக்கே செலவழித்தாள்.

“ஏன்னா, கையெழுத்துப் போடற அன்னிக்கு வீட்டைச் சுத்திப் பாத்தோமே, அப்போ அந்த ஏஜென்ட் மாமி தெர்மோஸ்டாட்டைத் திருப்பிச் சூட்டைக் கொறைச்சா, கொறைச்சான்னேளே, பக்கத்துல நின்னு பாத்தேளா?”

“பாத்தேனே. ஐம்பத்தஞ்சு ஃபாரன்ஹீட்ல வெச்சா, கொழாய் உறையாம இருக்க அது போதும்னு.”

“நன்னாப் பாத்தேளா? உங்களுக்குத்தான் கண்ணாடி இல்லாம எதுவும் தெரியாதே! எழுபத்தஞ்சுல இருக்கும். இல்லேன்னா இவ்வளவு ஏன் குடிக்கறது? எம்பொண்ணுக்கோ பிள்ளைக்கோ வெச்சிருந்த பணம் புகையாப் போறதுன்னா!”

“நாந்தான் சரியாப் பாக்கலையோ என்னவோ” என்றான் பத்மநாபன். வேலையும் போய், வீட்டையும் விட்டு, யாரோ ஒருவன் ரூமில் தரையில் படுத்துக்கொண்டிருந்தவன், இருந்த ஒரே நிச்சயத்தையும் அவளுக்காக விட்டுக்கொடுத்தான். அவளுக்கு அதுவும் போதவில்லை. லாரிக்காரன் மீட்டரில் ஏமாற்றுகிறானோ என்று அவனையும் சந்தேகப்பட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எண்ணெயைத் திருடுகிறார்களோ என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். கவர் மெலிந்துகொண்டே வந்தது. டாக்டர் வீட்டுக் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு அதை எடுத்து எடுத்துப் பார்ப்பாள், பார்த்தால் கூடிவிடுமா? ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் பண்ணினால் வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். தொட்டியில் இருப்பது போதும், பொங்கல் வரை தாங்கும். அடுத்த எண்ணெய்க்கு என்று வின்ஸ் போன தடவை கிளம்பும்போது சொன்ன நாள் வந்தது, அவள் லாரிக்குப் போன் பண்ணவில்லை. மறுநாளும் பண்ணவில்லை. அந்த வாரம் பார்த்து நியூ ஜெர்ஸியில் அப்படி ஒரு குளிர் இறங்கியது. மூக்கு நுனி எரிந்தது, காரின் கதவுப் பூட்டு திறக்கவில்லை, பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். மார்கழி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மனசு கேட்காமல் ஜெபராணியை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். தெருவில் எல்லாக் கூரைகளின் மேலும் வெள்ளைப் புகை நேராக நின்றது. அவர்கள் வீட்டுப் புகைபோக்கியில் ஒன்றுமில்லை. எண்ணெய் தீர்ந்து ஃபர்னஸ் அணைந்துவிட்டது என்று ஸ்வர்ணாவுக்குப் புரிந்தது. காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபராணி ஓடிப்போய்ப் பெட்ரோல் பங்கில் இருந்து எண்ணெய்க் கம்பெனிக்குப் போன் பண்ணி, வயிற்றுப் பிள்ளைக்காரி என்று கெஞ்சி, வின்ஸை வரவழைத்தாள்.

வின்ஸ் வழக்கம்போலப் பணம் வாங்கினான், எண்ணெய் ஊற்றினான். ஆனால் குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பவில்லை. தொட்டி வறண்டு போனால் எண்ணெய் ஊற்றினால் மட்டும் ஃபர்னஸ் எரியாது; கீழே இறங்கிக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்துப் பற்றவைக்க வேண்டும். அதை நான் செய்து தருகிறேன், ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் கூட வராமல் நான் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது, சீக்கிரம் வாருங்கள் என்றான்.

ஜெபராணி ஸ்வர்ணாவின் காதருகே வந்தாள். “நாந்தான் ஓனருன்னு சொல்லிருதேன் அக்கா. இவனுக்கு நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான். நீங்க கார்ல இருங்க. சாவியத் தாங்க.”

சாவியை நீட்டிவிட்டாள் ஸ்வர்ணா. நீட்டிய கையை ஜெபராணி பிடிப்பதற்குள் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“இன்னும் என்னக்கா? நா கிறிஸ்டியன்னுதானே?” ஜெபராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இல்லடி, இல்ல! உனக்கும் ஒரு கொழந்தை இருக்கு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? வரது எனக்கே வரட்டும்.”

அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். மாக்கோலம் இல்லை, மாவிலை இல்லை, கையில் விளக்கில்லை. பூட்ஸ் காலோடு போனாள்.

உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது போல அவளுக்குத் தோன்றியது. வின்ஸ் டார்ச்சோடு பேஸ்மென்ட்டில் இறங்கினான். போகிற வழியில் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தாள். ஐம்பத்தைந்தில் இருந்தது. பத்மநாபன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். கண்ணாடி இல்லாமலேயே.

கீழே ஃபர்னஸ் இருமி, நின்று, மறுபடி இருமிப் பற்றிக்கொண்டது. படியில் ஏறி வந்த வின்ஸ் கழுத்தைத் தடவிக்கொண்டான். மாடியிலிருந்து காற்று அடிக்கிறதே என்றான்.

ஸ்வர்ணா மாடி ஏறினாள். பின்பக்கத்துச் சின்ன அறை, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. விற்றுவிட்டு ஃப்ளோரிடா போன கிழவி விட்டுச்சென்ற பூப்போட்ட திரை பலகை மாதிரி விறைத்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே கார்ப்பெட்டின் மேல் பனி குவிந்து கிடந்தது. திரையை விலக்கினாள். கைப்பிடியைச் சுற்றினால் வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல், முழுசாகத் திறந்திருந்தது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட அன்று காலை. இன்னும் நம் வீடு ஆகவில்லை, அதனால் தோஷமில்லை என்று அவளும் சுற்றிப் பார்க்க வந்திருந்தாள். கீழே பத்மநாபனும் ஏஜென்ட்டும் தெர்மோஸ்டாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிழவி வீட்டை அடுப்பாக வைத்திருந்தாள். மசக்கை வயிற்றைப் பிரட்ட, தொட்டிலை இந்த மூலையில் போடலாம் என்று நினைத்துக்கொண்டே இந்த அறைக்கு வந்து, திரைக்குப் பின்னால் கையை விட்டு, தையல் மிஷின் சுற்றுவது போல இந்தக் கைப்பிடியைச் சுற்றினாள். மூன்று குளிர்காலத்துப் பழக்கம். ஜில்லென்று காற்று முகத்தில் பட்டபோது எத்தனை சுகமாக இருந்தது! கீழிருந்து கூப்பிட்டதும் அப்படியே இறங்கிப் போய்விட்டாள். ஜன்னலை மூட வேண்டும் என்று தோன்றவே இல்லை. யாராவது மூடுவார்களா என்ன, அவர்கள் இருந்த அபார்ட்மென்ட்டில்?

இத்தனை நாளும் அவள் குழந்தையின் பணத்தைக் கொடுத்து வாங்கியதெல்லாம் இந்த வழியாகத்தான் வானத்துக்குப் போயிருக்கிறது.

கைப்பிடி பனியில் இறுகி இருந்தது. உள்ளங்கையால் அடித்தாள், தோல் உரிந்தது, தொங்கிக்கொண்டு சுற்றினாள். ஜன்னல் மூடிக்கொண்டது. அப்போதுதான் அவள் காலடியில், ஃபர்னஸிலிருந்து அறைக்குச் சூடு கொண்டுவரும், சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயில் சீறல் கேட்டது. உறைந்து வெடித்திருந்த குழாய்க்குள் பனி இளகிக் கீழிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முதலில் கசிந்தது, பிறகு பீச்சியடித்தது. “ஐயோ, ஐயோ” என்று தமிழிலேயே கத்தினாள். கோட்டைக் கழற்றி அதன் மேல் அமுக்கினாள். வின்ஸ் கீழே ஓடி வால்வை அடைப்பதற்குள் தண்ணீர் தரை வழியாக இறங்கிச் சமையலறைக் கூரையிலிருந்து கொட்டியது. இன்னும் பால் காய்ச்சாத அடுப்பின் மேல்தான் கொட்டியது.

வின்ஸ் நல்லவன். அந்த அறைக்குப் போகும் குழாயை மட்டும் நறுக்கி அடைத்துவிட்டு, மற்ற அறைகளுக்குச் சூடு வர வழி பண்ணினான். பிளந்த துண்டைக் கையில் கொடுத்தான். செம்புக் குழாய் வெண்டைக்காய் மாதிரி வெடித்திருந்தது. இந்த அறையோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள், பிளம்பர் வந்து தரையைப் பிரித்துப் போட்டால்தான் இங்கே சூடு வரும் என்றான். உழைத்ததற்குக் காசு வாங்கவில்லை.

“யாருக்கா தெறந்து வச்சது? அந்தக் கெழவியாத்தான் இருக்கும்” என்றாள் ஜெபராணி, துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே.

ஸ்வர்ணா நனைந்த கோட்டோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். உரிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாமல் அன்று சாயங்காலமே அவள் ஹூஸ்டனுக்குப் போன் பண்ணினாள். அபார்ட்மென்ட்டில் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. படுக்கையறை ஜன்னல் வழக்கம்போல நாலு விரல் கடை திறந்திருந்தது.

“ஏன்னா, தெர்மோஸ்டாட் சரியாத்தான் இருந்தது. உங்க மேல தப்பில்லை. மாடி ஜன்னலை நாந்தான் அன்னிக்குத் தொறந்து வெச்சுட்டு வந்துட்டேன். அந்த ரூம்ல பைப் வெடிச்சுடுத்து. கவர்ல இருந்ததுல முக்காவாசி போயிடுத்து. என்னைத் திட்டுங்கோ.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ஜன்னலை மூடியாச்சா?” என்றான்.

“மூடியாச்சு.”

“யாரு மூடினா?” குரல் மாறிவிட்டது. “ஸ்வர்ணா, நீ உள்ளே போனியா?”

ரிசீவரைப் பிடித்திருந்த கையில் உரிந்த தோல் எரிந்தது. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறக்கும்வரை இனி ஒரு ராத்திரியும் தூங்கமாட்டான். யாராவது ஒருவர் தூங்கவேண்டாமா?

“இல்லைன்னா” என்றாள். “நான் வெளியிலதான் நின்னேன். ஜெபராணிதான் போனா.”

“நல்ல வேளை” என்றான் பத்மநாபன். மூச்சை விட்டு இன்னொரு தடவையும் சொன்னான். “நல்ல வேளைடி. நான் பயந்தே போயிட்டேன்.”

போனை வைத்துவிட்டு ஸ்வர்ணா படுக்கையறைக்குப் போனாள். ஜன்னலை இறக்கி மூடினாள். கொஞ்ச நேரத்தில் அறை அனலாகக் காய்ந்தது. கழுத்தில் வேர்வை வழிந்து ரவிக்கை நனைந்தது. எழுந்து திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு, அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.